ஓட்டைத் திருப்பிப் பாருங்கள்: பினாங்குக் கரையில் பம்பர நத்தைகளை இனம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

பாட்டியிடம் ஒரு பழைய மைலோ டின் இருந்தது. அதற்குள் பல்லாங்குழிக் காய்கள். சோழியும் இல்லை, புளியங்கொட்டையும் இல்லை. சட்டைப் பொத்தான் அளவில், எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் குட்டிக் கடல் நத்தை ஓடுகள். தாத்தா பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் வேலை பார்த்த காலத்தில் கரையில் பொறுக்கிக்கொண்டு வந்தாராம். பதினான்கு குழிக்கு ஐந்தைந்தாக எழுபது காய். ஒன்று சாம்பல், ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்றில் பழுப்புக் கோடு வளைந்து வளைந்து ஓடும், இன்னொன்றில் புள்ளி மட்டும். விளையாட்டு முடிந்ததும் அவற்றைத் தரையில் கொட்டி நிறம் நிறமாகப் பிரிப்பேன். பதினெட்டு வகை என்று பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தேன்.

பல வருடம் கழித்து அதே ஓடுகளைக் கவிழ்த்துப் போட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மேல்பக்கம் பதினெட்டு விதமாக இருந்தவை அடிப்பக்கம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. எழுபதும் ஒரே இனம். அம்போனியம் வெஸ்டியாரியம் என்பது அதன் அறிவியல் பெயர். பொத்தான் நத்தை என்று சொல்லலாம்.

பம்பர நத்தை என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது அது. அறிவியலில் ட்ரோகிடே என்பார்கள். உச்சி கூராகவும் அடி தட்டையாகவும் இருப்பதால், தலைகீழாகப் பிடித்தால் அசல் பம்பரம்தான். இந்தக் குடும்பத்து ஓடு ஒன்று கையில் கிடைத்தால் அது எந்த இனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை, பினாங்குத் தீவிலும் எதிர்க்கரையிலும் நடந்து பழகிய அனுபவத்தில் எழுதுகிறேன். கண்ணைக் கவரும் மேல்பக்கத்தைக் கடைசியில் பாருங்கள். அடிப்பக்கத்தை முதலில் பாருங்கள்.

கரைக்குப் போகும் முன்

பெரிய கருவி எதுவும் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் காலிப்பர், பழைய பல் துலக்கும் பிரஷ், மூடி போட்ட சின்ன டப்பாக்கள், பென்சில், காகிதத் துண்டுகள். பேனா வேண்டாம், ஈரம் பட்டால் மை பரவிவிடும். காலிப்பர் இல்லாவிட்டால் சட்டைப் பையில் ஒரு பத்து சென் காசு வைத்துக்கொள்ளுங்கள். 2012இல் வந்த இப்போதைய பத்து சென்னின் விட்டம் 18.8 மில்லிமீட்டர், இருபது சென்னுக்கு 20.6. படம் எடுக்கும்போது ஓட்டின் பக்கத்தில் காசை வைத்தால், அளவைப் பிறகு வீட்டில் உட்கார்ந்து கணக்கிடலாம்.

நேரம்தான் முக்கியம். கடல் நன்றாக வற்றும் நாட்கள் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வரும். அந்த நாட்களை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, பாசாங் சுருட் (கடலேற்ற இறக்க) அட்டவணையில் வற்று நேரத்தைப் பாருங்கள். நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் வற்றும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். வற்று நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், நீர் பின்வாங்கப் பின்வாங்கக் கூடவே இறங்குவது நல்லது. நீர் திரும்பத் தொடங்கினால் மேலேறிவிடுங்கள், பார்த்துக்கொண்டிருக்கும் ஓடு எவ்வளவு அருமையாக இருந்தாலும்.

காலில் ரப்பர் செருப்பு போதாது, கட்டும் ஷூ போடுங்கள். மணல் திட்டில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால், மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும். வடகரையில் சொறிமீன் எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடங்களில் முழங்காலுக்கு மேல் நீரில் இறங்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தெலுக் பாஹாங்கில் தொடங்கும் பினாங்கு தேசியப் பூங்கா 2003இல் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அதற்குள் எதையும் எடுக்கக் கூடாது, காலி ஓடும் சேர்த்துத்தான். அங்கே படம் எடுங்கள், அளவெடுங்கள், இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். மற்ற கரைகளிலும் உயிருள்ளதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி விடுவதே என் வழக்கம். காலி ஓட்டில்கூட உள்ளே துறவி நண்டு குடியிருக்கிறதா என்று பாருங்கள். நண்டுக்கு அதுதான் வீடு. இனம் காண்கிற வேலையிலும் அந்த நண்டு ஒரு தகவல் தருகிறது: அது ஓட்டைச் சுமந்துகொண்டு எங்கெங்கோ போகும் என்பதால், ஓடு கிடைத்த இடம் நத்தை வாழ்ந்த இடமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இது பம்பர நத்தைதானா?

கரையில் கிடைக்கும் குட்டிச் சுருள் ஓடுகளில் பாதிக்குமேல் வேறு குடும்பங்கள். எனவே முதல் வேலை குடும்பத்தை உறுதி செய்வது. இதற்கு மூன்று சோதனைகள் இருக்கின்றன.

முதல் சோதனை முத்துப் பளபளப்பு. ஓட்டின் வாய்க்குள் கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்கள். முத்துச்சிப்பியின் உட்புறம்போல் பச்சையும் ரோஜாவும் கலந்து மினுங்குகிறதா? பம்பர நத்தைகளின் ஓடு உட்புறம் முத்துப் படலத்தால் ஆனது. வெளியடுக்கில்தான் நிறமும் கோடும் இருக்கும். அலையில் உருண்டு தேய்ந்த ஓட்டில் உச்சிப் பகுதியில் வெளியடுக்கு கழன்று, உள்ளிருக்கும் முத்துப் படலம் வெள்ளிப் பொட்டுபோல் தெரியும். அதுவும் நல்ல அடையாளம். நம் கரையில் நிறைய இருக்கும் நெரிட்டா நத்தைக்கு, மலாய்க்காரர்கள் சிப்புட் திம்பா என்று சொல்வதற்கு, இந்தப் பளபளப்பு கிடையாது. உட்புறம் பீங்கான்போல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கும். சதுப்பு மரங்களில் ஏறி நிற்கும் லிட்டோரேரியா வகைகளுக்கும் கிடையாது.

இரண்டாவது, வாயின் வடிவம். பம்பர நத்தையின் வாய் வட்டமாகவோ, சற்றே சாய்ந்த நாற்கரமாகவோ இருக்கும். கீழ்விளிம்பில் சங்குக்கு இருப்பதுபோல் நீண்ட குழாயோ வெட்டோ இருக்காது. அரைவட்டமாக, ஒரு பக்கம் தட்டைப் பலகை வைத்து அடைத்ததுபோல் இருந்தால் அது நெரிட்டா.

மூன்றாவது, மூடி. நத்தை உள்ளே இழுத்துக்கொண்டதும் வாயை அடைக்குமே, அந்தக் கதவு. பம்பர நத்தைக்கு அது மெல்லிய பழுப்பு நிறத் தகடு, நகத்தைப்போல் வளையும். வட்டமாக இருக்கும். நடுவிலிருந்து பல நெருக்கமான சுற்றுகள் ஓடியிருக்கும், கொசுவர்த்திச் சுருள்போல. இதுவே கல்போல் கெட்டியாக, வெளிப்பக்கம் புடைத்து இருந்தால் அது டர்போ குடும்பம். அதன் மூடியைத்தான் பூனைக்கண் என்று சொல்லி மோதிரத்தில் வைக்கிறார்கள். டர்போவுக்கும் உட்புறம் முத்துப் பளபளப்பு உண்டு, எனவே முதல் சோதனையை மட்டும் வைத்து முடிவெடுத்தால் இரண்டும் குழம்பிவிடும். காலி ஓட்டில் மூடி இருக்காது. அப்போது மற்ற அடையாளங்களைக் கூட்டிச் சேர்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும்.

சுருள் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். இங்கே தமிழர்களுக்கு வரும் ஒரு குழப்பம் இருக்கிறது. ஓட்டின் உச்சி மேலே இருக்க, வாய் நம்மைப் பார்க்கப் பிடித்தால், பம்பர நத்தைகளுக்கு வாய் வலப்பக்கம் வரும். அறிவியல் இதை வலச்சுருள் என்கிறது. நம் வீட்டுப் பூஜையறை வழக்கு இதற்கு நேர் எதிர். நாம் சங்கை உச்சி கீழாகப் பிடிக்கிறோம், அதனால் இதே சுருளை இடம்புரி என்கிறோம். அபூர்வமான வலம்புரிச் சங்கு அறிவியல் கணக்கில் இடச்சுருள். குறிப்பெழுதும்போது "உச்சி மேலே, வாய் வலம்" என்று முழுதாக எழுதிவிட்டால் யார் படித்தாலும் புரியும்.

திருப்பிப் பிடியுங்கள்

குடும்பம் உறுதியானதும் ஓட்டைக் கவிழுங்கள். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். அடிப்பக்கத்தில் மூன்று இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஒன்று, தொப்புள். சுருள் சுற்றிச் சுற்றி வளரும்போது நட்டநடுவில், ஓட்டின் அச்சில் ஒரு குழி மிச்சமாகலாம். சில இனங்களில் அது ஆழமான திறந்த குழி. சிலவற்றில் பிளவு மட்டும். சிலவற்றில் குழியே இல்லாமல் மூடிப்போயிருக்கும். இன்னும் சிலவற்றில் கண்ணாடிபோல் வழவழப்பான ஒரு தடிப்பு குழியின் மேல் படர்ந்து, அடைத்து, மேடாகவே நிற்கும். இந்த நான்கில் எது என்று தெரிந்துவிட்டால் பேரினங்களின் (நெருங்கிய இனங்களின் தொகுதிகள்) பட்டியலில் பெரும்பகுதியை ஒதுக்கிவிடலாம். ஈர மணல் அடைத்திருந்தால் குழி மூடியதுபோல் தோன்றும். ஒரு ஈர்க்குச்சியால் மெல்லத் தோண்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இரண்டு, நடுத்தண்டு. வாயின் உள்விளிம்பில், ஓட்டின் அச்சை ஒட்டி நிற்கும் தூண் அது. அதன் அடிமுனை வழவழப்பா? பல்போல் ஒரு முட்டு நீட்டிக்கொண்டிருக்கிறதா? ஒரு பல்லா, வரிசையாகப் பலவா? லென்ஸை இங்கே வையுங்கள். வயது வராத குட்டி ஓடுகளில் பல்லும் தடிப்பும் முழுதாக வளர்ந்திருக்காது. எனவே ஒரே ஓட்டை வைத்து முடிவெடுக்காமல் அதே இடத்தில் கிடைத்த ஐந்தாறு ஓடுகளைப் பாருங்கள், அதிலும் பெரியவற்றை.

மூன்று, வெளி உதடு. மெல்லியதா, தடித்ததா, உட்பக்கம் வரிவரியாக மேடுகள் இருக்கின்றனவா? விளிம்பு உடைந்த ஓடாக இருந்தால் இந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். உடைந்ததை "மெல்லியது" என்று எழுதிவிடும் தவறு சுலபமாக நடக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் மேல்பக்கம். அங்கேயும் நிறத்துக்கு முன் செதுக்கல். சுற்றுகளைத் தொடர்ந்து ஓடும் வரிகள் இருக்கின்றனவா, அவை வழவழப்பான கயிறா, மணி கோத்த மாலையா? சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே உள்ள பொருத்துக்கோடு ஆழமா, மேலோட்டமா? ஓட்டை நன்றாகக் காயவைத்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து விளக்கைச் சாய்த்து அடித்தால் மேடுபள்ளம் நிழலோடு தெரியும். ஈரமாக இருந்தால் நிறம் தூக்கலாகவும் செதுக்கல் மங்கலாகவும் தெரியும்.

மணலில் கிடைப்பது: பொத்தான் நத்தை

நம் பக்கத்து மணற்கரைகளில் தேட வேண்டிய முதல் பம்பர நத்தை இதுதான். சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் இதற்குப் பெயர் வைத்தபோது ட்ரோகஸ் என்ற பேரினத்தில் போட்டார். வெஸ்டியாரியம் என்பது ஆடையைச் சார்ந்த லத்தீன் சொல். அம்போ என்றால் கேடயத்தின் நடுக்குமிழ். ஓட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் பெயர் புரிந்துவிடும்: பம்பரம் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சப்பை, அகலத்தைவிட உயரம் நன்றாகக் குறைவு, மேலும் கீழும் மெல்லப் புடைத்த ஒரு வட்டு.

அகலம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும். பத்து சென் காசுக்குள் அடங்கிவிடும். மேற்பரப்பு முழுக்க வழவழப்பு. விரல் நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டாது. பொருத்துக்கோடு மெல்லிய கோடாக மட்டும் தெரியும். இப்போது கவிழுங்கள். நட்டநடுவில், தொப்புள் இருக்க வேண்டிய இடத்தில், வட்டமான ஒரு பெரிய தடிப்பு. உருகிய மெழுகு சொட்டி உறைந்ததுபோல் இருக்கும். அடிப்பக்கத்தின் பெரும்பகுதியை அதுவே எடுத்துக்கொள்ளும். சுற்றியிருக்கும் ஓட்டின் நிறம் எதுவானாலும் தடிப்பு மட்டும் தனியாகத் தெரியும். வாய் சிறியது, வெளி உதடு மெல்லியது, நடுத்தண்டில் பல் கிடையாது.

நிறத்தைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாடு அவ்வளவு. போன வருடப் பள்ளி விடுமுறையில் அக்கா மகளை மணல் திட்டுக்கு அழைத்துப்போனேன். கையளவு இடத்தில் ஏழெட்டு ஓடுகள் பொறுக்கினாள். "மாமா, இது வேற ஜாதி மாமா, பாருங்க, ரோஸ் கலரு" என்று ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தாள். "எல்லாத்தையும் கவிழ்த்து வை" என்றேன். உள்ளங்கையில் வரிசையாகக் கவிழ்த்தாள். ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் அந்த ரோஸ் ஓட்டை எடுத்து மற்றவற்றோடு சேர்த்து வைத்துவிட்டாள். எனக்குப் பல வருடம் பிடித்தது அவளுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்தது.

இந்த நத்தை வாழும் விதமும் மற்ற பம்பர நத்தைகளைப் போலில்லை. மற்றவற்றில் பெரும்பாலானவை பாறையில் ஒட்டி, பாசியைச் சுரண்டித் தின்னும். இது மணலுக்குள் புதைந்துகொண்டு, நீரை உள்ளே இழுத்து, செவுளால் வடிகட்டி உண்ணும். ஓடு சப்பையாகவும் வழவழப்பாகவும் இருப்பதைப் பார்க்கும்போது, மணலில் சறுக்கிப் புதைவதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஏ. ஜே. பெர்ரி என்ற விலங்கியலாளர் 1980களில் மலேசிய மணற்கரை ஒன்றில் இந்த இனத்தின் வளர்ச்சியையும், அதை இரையாக்கும் நிலா நத்தைகளையும் நட்சத்திர மீனையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். எதிரி தொட்டால் இது காலை உதறித் துள்ளி விலகும். தப்பாதவற்றின் ஓட்டில் கதை எழுதியிருக்கும்: ஊசியால் துளைத்ததுபோல் வட்டமான ஒரு துளை, வெளி விளிம்பு அகன்று உள்ளே குறுகியிருந்தால் அது நிலா நத்தை போட்ட துளை. கோப்பையின் உட்புறம்போல் சரிவாக இருக்கும். அப்படிப்பட்ட ஓடு கிடைத்தால் தூக்கி எறியாமல் தனி டப்பாவில் வையுங்கள். அந்தக் கரையில் யார் யாரைத் தின்கிறார்கள் என்பதற்கு அது நேரடிச் சாட்சி.

அம்போனியம் பேரினத்தில் வேறு இனங்களும் உண்டு. சுற்றுகளில் தெளிவான பள்ளக்கோடுகள் ஓடினால் அம்போனியம் கோஸ்டாட்டம், மணிமாலைபோல் முண்டுகள் இருந்தால் அம்போனியம் மோனிலிஃபெரம். இவற்றைக் கிழக்காசியக் கரைகளில் எதிர்பார்க்கலாம். ஜப்பானுக்குப் போய்வந்த உறவினர் கொடுத்த ஓட்டை உள்ளூர் ஓட்டோடு கலந்துவிடாதீர்கள்.

பாறையில் கிடைப்பது: பல் நத்தை

பினாங்கு கருங்கல் தீவு. பத்து ஃபெரிங்கி, தஞ்சோங் பூங்கா பக்கம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் உருண்டைப் பாறைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரிப் பாறை இடுக்கில், நீர் வற்றிய பிறகும் ஈரம் நிற்கும் நிழல் பக்கத்தில் தேட வேண்டியது மோனோடொண்டா லேபியோ. மோனோ என்றால் ஒன்று, ஒடோன் என்றால் பல். ஒற்றைப் பல். இதற்கும் 1758இல் லின்னேயஸ்தான் பெயர் வைத்தார்.

பொத்தான் நத்தைக்கு எல்லாவற்றிலும் எதிர். ஓடு கனமானது, உருண்டு திரண்டது, இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை வளரும். சுற்றுகள் முழுக்க மணி கோத்த வரிகள். ஒவ்வொரு மணியும் பச்சை, பழுப்பு, கருமை, வெளிர் ரோஜா என்று மாறி மாறி இருப்பதால், தூரத்திலிருந்து பார்த்தால் கட்டம் போட்ட கைலி மாதிரித் தோன்றும். கவிழ்த்தால் தொப்புள் குழி இல்லை. வெளி உதடு தடித்து, உட்பக்கம் வரிவரியாக மேடுகள். நடுத்தண்டின் அடியில் முனை மழுங்கிய ஒரு பல் நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். விரல் நுனியை வைத்தாலே தட்டுப்படும். உட்புறம் முத்துப் பளபளப்பு.

வரிகளில் மணிகள் எடுப்பாக இல்லாமல் தட்டையாகவும் வழவழப்பாகவும் ஓடினால், அதே பேரினத்து மோனோடொண்டா கேனலிஃபெராவை நினைத்துப் பாருங்கள். ஜப்பான், கொரியா, சீனக் கரைகளில் லேபியோவோடு நெடுங்காலம் கலந்தே பேசப்பட்ட ஓர் இனத்துக்குப் பெயரே மோனோடொண்டா கன்ஃப்யூசா! வல்லுநர்களே தடுமாறிய பேரினம் இது. எனவே "மோனோடொண்டா, லேபியோவாக இருக்கலாம்" என்று எழுதி நிறுத்திக்கொள்வது நேர்மையான பதில்தான்.

ஏமாற்றும் ஓடுகள்

என்னை அதிகம் ஏமாற்றிய ஓடு கிளித்தான் ஊவலானியென்ஸ் என்ற குட்டி நத்தை. கழிமுகங்களிலும் சேற்றுத் திட்டுகளிலும் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் அளவு, வழவழப்பு, கோடும் வலையுமாக எண்ணற்ற நிற வடிவங்கள். பொத்தான் நத்தையின் தம்பிபோல் இருக்கும். கவிழ்த்தால் வேறு கதை: அரைவட்ட வாய், தட்டைப் பலகை, முத்துப் பளபளப்பு இல்லை. நெரிட்டா குடும்பம்.

குட்டி நிலா நத்தையும் ஏமாற்றும், அதற்கும் தொப்புளில் தடிப்பு உண்டு. ஆனால் ஓடு உருண்டையாக இருக்கும், வாய் பெரிது, உட்புறம் பீங்கான். ஆர்க்கிடெக்டோனிகா என்ற சூரியக் கடிகார நத்தை சப்பையாக இருப்பதால் குழப்பும். அதன் தொப்புள் அகலமாகத் திறந்திருக்கும், உள்ளே சுழல் படிக்கட்டு இறங்குவதுபோல் விளிம்புகள் தெரியும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

பாறைப் பக்கத்தில் பல் நத்தையோடு குழம்புவது யூக்கேலஸ் அட்ராட்டஸ். இதற்கும் மணி வரிகள், நடுத்தண்டில் பல், முத்துப் பளபளப்பு எல்லாம் உண்டு. முன்பு இதையும் பம்பர நத்தைக் குடும்பத்திலேயே வைத்திருந்தார்கள், இப்போது பக்கத்துக் குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஓடு கருமையானது. தொப்புள் இருக்கும் இடத்தைப் பாருங்கள், பல் நத்தையில் இல்லாத பிளவு இதில் தெரியும்.

அடி தட்டையாக, நேர்க் கூம்பாக, அசல் பம்பரமாகவே ஒரு ஓடு கிடைத்தால் அது ட்ரோகஸ் பேரினம். வெள்ளையில் செந்நிறப் பட்டைகள் உச்சியிலிருந்து கீழே இறங்கினால் ட்ரோகஸ் ரேடியாட்டஸ், மணி வரிகளும் புள்ளிகளும் நிறைந்து பெரிதாக இருந்தால் ட்ரோகஸ் மகுலாட்டஸ் என்று தேடலைத் தொடங்குங்கள். பவளப்பாறைப் பக்கம்தான் இவற்றுக்கு இடம். உள்ளங்கையை நிறைக்கும் பெரிய கூம்பு என்றால் அது வேறு: ஒரு காலத்தில் உலகமெங்கும் சட்டைப் பொத்தான் வெட்டியெடுத்தார்களே, அந்த ஓடு. புத்தகத்துக்குப் புத்தகம் ட்ரோகஸ் நிலோட்டிகஸ், டெக்டஸ் நிலோட்டிகஸ், ரோகியா நிலோட்டிகா என்று மூன்று பெயரில் வரும். மூன்றும் ஒன்றுதான். பெயர் மாறிக்கொண்டே இருப்பதால், முடிவுக்கு வந்ததும் நத்தை, சிப்பிகளின் பெயர்களைத் தொகுத்திருக்கும் மொலஸ்காபேஸ் இணையதளத்தில் ஒருமுறை தட்டிப் பார்த்து, இப்போது ஏற்கப்பட்ட பெயரை எழுதுங்கள்.

அளவும் படமும்

உயரம் என்றால் உச்சியிலிருந்து வாயின் அடிவிளிம்பு வரை, அச்சுக்கு இணையாக. அகலம் என்றால் அச்சுக்குக் குறுக்கே அதிகம் அகன்ற இடம். இரண்டையும் எழுதி, உயரத்தை அகலத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு நன்றாகக் கீழே என்றால் சப்பை, ஒன்றை ஒட்டியோ மேலேயோ என்றால் கூம்பு. பத்து ஓடு அளந்தால் உங்கள் கரையின் இயல்பு தெரிந்துவிடும்.

படம் நான்கு வேண்டும்: வாய்ப்பக்கம், முதுகுப்பக்கம், உச்சியிலிருந்து நேர் கீழே, அடியிலிருந்து நேர் மேலே. அடிப்படம் இல்லாமல் உயிரினப் படங்களைப் பகிர்ந்து இனம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணைய இடத்தில் போட்டால், தெரிந்தவர்களும் "பேரினம் மட்டும் சொல்லலாம்" என்று விட்டுவிடுவார்கள். கறுப்புத் துணியோ சாம்பல் அட்டையோ பின்னணியாக வையுங்கள். ஃப்ளாஷ் போட்டால் வழவழப்பான ஓட்டில் வெள்ளைப் பொட்டு விழுந்து தடிப்பே மறைந்துவிடும். ஜன்னல் வெளிச்சம் போதும்.

கழுவுவதும் வைப்பதும்

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவையுங்கள், உப்பு இறங்கிவிடும். பிறகு மெல்ல பிரஷ் போடுங்கள். புளியோ எலுமிச்சையோ வினிகரோ பக்கத்தில் வரக் கூடாது. என் அம்மா நல்லெண்ணத்தில் ஒருமுறை, குத்துவிளக்குத் தேய்த்த புளியிலேயே என் ஓடுகளையும் தேய்த்து வைத்தார்கள். சுண்ணாம்புதானே ஓடு, புளிப்பு பட்டதும் மேல் மினுக்கம் போய், சாக்கட்டிபோல் வெளுத்துவிட்டது. மணி வரிகளும் மழுங்கிப்போயின. திரும்பாது. இதே காரணத்தால்தான் பழைய மரப்பெட்டி, பஞ்சு, சாதாரண அட்டைப்பெட்டி இவற்றில் அடைத்து வைக்கக் கூடாது. அவற்றிலிருந்து கசியும் அமில ஆவி, நம் ஊர் ஈரக்காற்றோடு சேர்ந்து வருடக்கணக்கில் ஓட்டை அரிக்கும், வெள்ளைப் பொடி பூக்கும். கண்ணாடிக் குப்பியோ பிளாஸ்டிக் டப்பாவோ நல்லது.

கடைசி வேலை சீட்டு. கரையின் பெயர், நாள், வற்று நேரம், மணலா பாறையா சேறா, உயிரோடு பார்த்ததா, காலி ஓடா, நண்டு இருந்ததா, உயரம், அகலம், தொப்புள், நடுத்தண்டு, உதடு, அதற்கப்புறம் பெயர். பெயரைப் பென்சிலில் எழுதுங்கள், நாளைக்கு மாற்ற வேண்டி வரலாம். கரையின் பெயரையும் நாளையும் அன்றே எழுதிவிடுங்கள், அதைப் பிறகு எந்த லென்ஸாலும் கண்டுபிடிக்க முடியாது. பாட்டியின் எழுபது ஓடுகளையும் இப்போது ஒரு கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். சீட்டில் அளவு இருக்கிறது, இனம் இருக்கிறது. இடம் என்ற வரியில் "பட்டர்வொர்த் பக்கம்" என்று மட்டும், நாள் என்ற வரியில் ஒரு கோடு.